திருப்பரங்குன்றம் சாலையில் வயல்கள் எப்போது நகரமாயின?

பசுமலை வாசகர்:
பசுமலையிலிருந்து திருநகர் வரை சாலையின் இருபுறமும் நெல் விளைந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆலைகள் வந்ததால்தான் உழவு அழிந்தது என்பது பொதுவான பேச்சு. ஆனால் மதுரையில் ஹார்வி பஞ்சாலை 1892-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. வயல்களோ அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் விளைந்திருக்கின்றன. அப்படியானால் இந்த மாற்றத்தை எந்தக் காலத்திலிருந்து கணக்கிடுவது, அதற்கு எந்த ஆவணங்களைப் பார்ப்பது என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

நிலையூர்க்காரர்:
ஐயா, ஆலை தோன்றிய ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது பொருந்தாது. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்ததால் பஞ்சும் நிலக்கரியும் கொண்டுவர வசதியாக ரயிலடியை ஒட்டியே அந்த ஆலை அமைந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து அப்போது ஆலைக்குப் போனவர்கள் ஆட்கள் மட்டுமே. நிலம் உழவிலேயே இருந்தது. நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் பின்னர் மதுரையை எட்டியதும் நிலக்கரிக்காக ரயிலடியிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. பசுமலைப் பக்கத்தில் ஆலையும், தொழிலாளர் குடியிருப்பாக ஹார்விபட்டியும் எழுந்த பிறகே நிலம் பெருமளவில் கைமாறியிருக்கும் என்பது என் கருத்து. பசுமலைக்கு அருகில் பைக்காரா என்றே ஒரு பேருந்து நிறுத்தம் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

கடைமடை:
நிலையூர்க்கார ஐயா சொன்னதோடு தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்கால் கண்மாயும் நிலையூர்க் கண்மாயும் வைகையிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறுபவை. கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் நடுவிலுள்ள சில புலங்கள் மனைகளாகப் பிரிந்தாலே வாய்க்கால் அடைபட்டுவிடும்; பிறகு மடையைத் திறந்தாலும் கடைசி வயல்களான கடைமடைக்கு நீர் எட்டாது; ஒரு போகத்தைத் தரிசாகப் போட்டவர் அடுத்து மனைக்கு விலை பேசிவிடுவார். எங்கள் நன்செய் அப்படித்தான் போயிற்று. ஆலைச் சம்பளம் வாங்கிய வீடுகள்கூட, நீர் வந்தவரை ஒரு போகமாவது நட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆகவே ஆலையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆவணம் என்றால் புல எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும், பயிர்க் கணக்கான கிராம அடங்கலையும் கேட்டுப் பாருங்கள். அடங்கலில் ஆண்டுதோறும் பயிரை எழுதுவதால், ஒரு புல எண்ணில் நெல் நடுவது நின்றுபோய்த் தரிசு என்று பதிவான ஆண்டு தெரியவரும்.

நிலையூர்க்காரர்:
கடைமடை அம்மா சொல்வது சரி. மாநகராட்சி எல்லை விரிந்த ஆண்டையும் தொடக்கமாகக் கொள்ள முடியாது. திருப்பரங்குன்றம் நகராட்சியும், திருநகர், ஹார்விபட்டி பேரூராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தது 2011-இல்தான். வயல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன.

பசுமலை வாசகர்:
இருவருக்கும் நன்றி. தென்கால் ஆயக்கட்டின் அடங்கலிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்த குடும்பத்தினர் யாரிடமேனும் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதுகள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.