மேடவாக்கத்தில் போர் தண்ணீரின் கடினத்தன்மை: சாஃப்ட்னர் போதுமா, ஆர்.ஓ. தேவையா?

மேடவாக்கம்வாசி:

வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் தனி வீட்டில் ஐந்து பேர் குடியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குக் குடிநீர் இணைப்பு இன்னும் வராததால், குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், மற்ற அனைத்துக்கும் 200 அடி ஆழத்துப் போர் தண்ணீர் என்று காலம் ஓடுகிறது. குழாய் முனைகளிலும் கீசரிலும் வெள்ளைப் படிவு ஏறுகிறது, சோப்பு நுரைப்பதில்லை, கேன் தீர்ந்துபோன நாளில் போர் தண்ணீரில் வைத்த துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டும் குழையவில்லை. அண்மையில் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர், பேனா போன்ற மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் வைத்து 1,380 என்று காட்டினார். பிறகு இரண்டு கம்பிகள் கொண்ட கருவியை அதில் இறக்கி மின்சாரம் செலுத்தியதும், தெளிவாக இருந்த தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் (நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பு நீக்கியது) அப்படியே இருந்தது. அதைப் பார்த்த என் மாமியார், குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவவே அஞ்சுகிறார். வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. போடத்தான் வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

ஆய்வகத்தான்:

சகோதரிக்கு வணக்கம். முதலில் உங்கள் மாமியாரின் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். அந்தக் கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் அந்த இரும்பே கரைந்து துருவாகக் கலங்குகிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாய்வதால் கலங்கல் தெரிவதில்லை. நீங்கள் பார்த்த கசடு முழுவதும் கம்பியிலிருந்து வந்ததே தவிர, உங்கள் தண்ணீரில் இருந்தது அன்று. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும்.

அடுத்து, அந்த மீட்டர் கடினத்தன்மையை அளக்கவில்லை. நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு, கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவை, அதாவது டி.டி.எஸ்.-ஐ அது கணித்துச் சொல்கிறது. கடினத்தன்மை என்பது அவற்றுள் கால்சியமும் மெக்னீசியமும் மட்டுமே. வெள்ளைப் படிவுக்கும், சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதற்கும், பருப்பு வேகாமைக்கும் காரணம் இவ்விரண்டும்தான். வாயில் உப்புக் கரிப்பதற்குப் பெரும்பாலும் சோடியமும் குளோரைடும் காரணம். 1,380 என்பதில் எது எவ்வளவு என்று தெரியாமல் இயந்திரம் வாங்குவது, நோயைக் கண்டறியாமல் மருந்து உண்பதற்கு ஒப்பானது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு வகுத்துள்ள அளவுகளின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம். டி.டி.எஸ்.-க்கு அந்த எல்லைகள் முறையே 500, 2,000. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்திலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்திலோ ஒரு மாதிரியைக் கொடுங்கள். கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட்டு ஆகியவற்றோடு கிருமிப் பரிசோதனையையும் கேளுங்கள். அதற்கென்று அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் நீரைப் பிடிக்க வேண்டும். கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது பாறை வெடிப்புகளில் எஞ்சும் நீரில் உப்பின் செறிவு கூடிவிடும் என்பதால், மழைக்குப் பின் எடுத்த முடிவை மட்டும் வைத்துக் கருவியின் அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

மடிப்பாக்கம் குழாய்வேலை:

சாஃப்ட்னர் (கால்சியம், மெக்னீசியத்தை மட்டும் நீக்கி நீரை மென்னீராக்கும் கருவி) பொருத்துவதானால் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் செல்லும் குழாய்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள் அம்மா. அவற்றுக்கு மென்னீர் வீண். மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான் என்றால், குளியலறை, கீசர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கென்று 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியே வைப்பது, பிற்பாடு சுவரை உடைப்பதைவிட மலிவு. ஏற்கெனவே படிந்த கீசரைக் கழற்றிப் படிவு நீக்காமல் விட்டால் சாஃப்ட்னர் போட்ட பிறகும் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். காந்தத்தைக் குழாயில் கட்டினால் போதும் என்று விற்கப்படுவதை நம்பிப் பணம் போடாதீர்கள். அது கால்சியத்தை நீக்குவதில்லை.

மேடவாக்கம்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. முடிவு கைக்கு வந்துவிட்டது. மொத்தக் கடினத்தன்மை 620, டி.டி.எஸ். 1,410, குளோரைடு 390, இரும்பு 0.1, நைட்ரேட்டு 22. கோலிஃபார்ம் கிருமிகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். கம்பிச் சோதனையின் விளக்கத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன், மனம் ஆறினார். ஆனால் இந்தக் கடைசி வரி என்னைக் கவலையில் ஆழ்த்துகிறது.

ஆய்வகத்தான்:

கவலைப்பட வேண்டிய வரி அதுதான், ஆகவே அதிலிருந்தே தொடங்குங்கள். சாஃப்ட்னர் கிருமியைக் கொல்லாது. சம்ப்பின் மூடியையும் கழிவுநீர்த் தொட்டிக்கும் போருக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். சம்ப்பைக் கழுவி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பிறகு மீண்டும் ஒரு மாதிரி கொடுங்கள்.

கடினத்தன்மைக்கு வீடு முழுவதும் ஆர்.ஓ. வேண்டாம். உள்ளே செல்லும் நீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறும். நீருக்குத் தவிக்கும் நம் பகுதியில் குளிப்பதற்காக அப்படிச் செய்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. சாஃப்ட்னரின் கணக்கு எளிது. அதனுள் இருக்கும் ரெசின் எனும் சிறு மணிகளில் ஒரு லிட்டர் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று கொண்டால், 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். உங்கள் நீரில் லிட்டருக்கு 0.62 கிராம் இருப்பதால், ஏறக்குறைய 2,000 லிட்டருக்கு ஒருமுறை உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். கழிப்பறையை நீக்கி நாளொன்றுக்கு 400 லிட்டர் செலவானால், ஐந்து நாளுக்கு ஒருமுறை, சுமார் 3 கிலோ உப்பு. இரும்பு குறைவாக இருப்பது நல்லது. அது கூடினால் ரெசின் கெட்டுவிடும்.

மென்னீரில் டி.டி.எஸ். குறையவில்லையே என்று மீட்டரை வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். கால்சியமும் மெக்னீசியமும் போன இடத்தில் சோடியம் வருகிறது. 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் என்ற கணக்கில் உங்கள் நீரில் 285 அளவுக்குச் சோடியம் கூடும். எனவே அதைக் குடிக்காதீர்கள், குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தராதீர்கள். கேன் செலவைக் குறைக்க விரும்பினால் சமையலறையில் மட்டும் சிறிய ஆர்.ஓ. போதும். ரெசினைக் கழுவி வரும் உப்புநீரைச் சாக்கடையில்தான் விட வேண்டும். பல வீடுகளில் அதை மழைநீர்ச் சேகரிப்புக் குழியிலேயே திருப்பிவிடுகிறார்கள். அது உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டாரின் போருக்குமே போய்ச் சேரும்.