பூசணி ஓட்ஸ் குக்கீ: சர்க்கரையைக் குறைத்துச் செய்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பியோரியா, இல்லினாய்

செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் எங்கள் பக்கம் பேச்செல்லாம் பூசணிதான். பக்கத்து ஊரான மார்ட்டனுக்கு ‘உலகப் பூசணித் தலைநகர்’ என்று பட்டமே உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே பூசணித் திருவிழா நடக்கும். அமெரிக்கக் கடைகளில் விற்கும் டப்பா பூசணியில் பெரும்பகுதி லிபீஸ் நிறுவனத்தின் மார்ட்டன் ஆலையிலிருந்துதான் வருகிறது. ஹாலோவீனுக்கு வாசலில் வைக்கிறார்களே, அந்த ஆரஞ்சுப் பூசணி இல்லை அது. டிக்கின்சன் என்கிற ரகம், பட்டர்நட் ஸ்குவாஷுக்கு நெருங்கிய சொந்தம். தோல் வெளிறிய பழுப்பாக இருக்கும், உள்ளே சதை மட்டும் நல்ல ஆரஞ்சு.

இந்தப் பருவத்தில் பிள்ளைகள் பூசணிக் குக்கீ கேட்கிறார்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கியிருக்கிற வீடுகளில் சர்க்கரையை நினைத்துத் தயக்கம். நான் வருடாவருடம் செய்கிற முறையைச் சொல்கிறேன், நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் தேனா, வெல்லமா, மேப்பிள் சிரப்பா என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பூசணியில் இருக்கிற தண்ணீரை எடுங்கள். விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அப்படியே கலந்தால் குக்கீ கேக் மாதிரி உப்பி மெத்தென்று வந்துவிடும், பூசணி ருசியும் மங்கிவிடும். ருசி மங்கினால் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும். தண்ணீர் போனால் பூசணியின் சொந்த இனிப்பே முன்னுக்கு வரும். அப்போது சர்க்கரையைக் குறைத்தாலும் குறை தெரியாது.

அடி கனமான வாணலியில் ஒரு கப் விழுதை (சுமார் 245 கிராம்) எண்ணெய் எதுவும் விடாமல் மிதமான தீயில் வையுங்கள். முதலில் பொத் பொத்தென்று கொப்புளித்துத் தெறிக்கும், நீளக் கைப்பிடிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். கிளறக் கிளறச் சத்தம் அடங்கும். ஆரஞ்சு நிறம் கறுத்துச் செங்கல் நிறத்துக்கு வரும், டப்பா வாடை போய் வறுபட்ட வாசனை எழும்பும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. அல்வா கிளறிப் பழகிய கைக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஒரு கப் விழுது முக்கால் கப்புக்கும் கீழே சுண்டியிருக்கும்.

அடுப்பை அணைத்ததும் அந்தச் சூட்டிலேயே மசாலாவைப் போடுங்கள்: பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், ஜாதிக்காய் துருவியது கால் டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. சூட்டில் வாசனை விரியும். மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் விற்க ஆரம்பித்த ‘பம்ப்கின் பை ஸ்பைஸ்’ (‘பை’ என்கிற பூசணிப் பலகாரத்துக்கான மசாலா) என்பதும் கிட்டத்தட்ட இதே கூட்டுதான், ஆல்ஸ்பைஸ் கூடச் சேரும். நம் அஞ்சறைப் பெட்டியில் எல்லாம் இருக்கும்போது தனி டப்பா வாங்க வேண்டியதில்லை.

மற்றது சுலபம். வெண்ணெய் அரைக் குச்சி (57 கிராம்) உருக்கி, பழுப்புச் சர்க்கரை அரைக் கப், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, கொஞ்சம் வெனிலா சேர்த்து அடித்து, ஆறிய பூசணியைக் கலக்குங்கள். வெள்ளைக் கரு வேண்டாம், அதிலும் தண்ணீர்தான் அதிகம், குக்கீயைக் கேக் ஆக்கிவிடும். ஓல்டு ஃபேஷன்டு ஓட்ஸ் இரண்டு கப், முழுக் கோதுமை மாவு முக்கால் கப், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வால்நட் அரைக் கப். கலந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓட்ஸ் மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குவிக் ஓட்ஸ் போட்டால் கூழ் மாதிரி ஆகிறது. ஸ்டீல் கட் ஓட்ஸ் வேகாமல் பல்லில் கடிபடும், அது இதற்குச் சரிப்படாது.

இந்த மாவு ஓவனில் தானாகப் பரவாது. உருட்டி வைத்த பிறகு ஈர விரலால் அரை அங்குலத்துக்குத் தட்டையாக அழுத்திவிடுங்கள். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 முதல் 14 நிமிடம், ஓரம் பழுப்பானால் போதும். இருபது குக்கீ வரும். அரைக் கப் பழுப்புச் சர்க்கரை 105 கிராம் என்றால் ஒரு குக்கீக்கு 5 கிராம் சொச்சம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். சேர்க்கும் சர்க்கரை பெண்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் இரண்டு குக்கீ நிம்மதியாகச் சாப்பிடலாம். சர்க்கரையைக் கால் கப்புக்கும் கீழே கொண்டுபோகாதீர்கள். ஓரம் மொறுமொறுப்பாவதும் நிறம் ஏறுவதும் அதனால்தான். அதுவும் போனால் மிஞ்சுவது ஓட்ஸ் அடை.

எடிசன், நியூ ஜெர்சி

அக்கா, நான் டப்பா வாங்குவதே இல்லை. கொரியக் கடையில் கபோச்சா என்கிற பூசணி கிடைக்கும், பச்சைத் தோல், உருண்டையாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அதன் சதை இயல்பிலேயே மாவு மாதிரி, ஈரம் குறைவு. பாதியாக வெட்டி விதை எடுத்து, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து 400 டிகிரியில் வேகவைத்து மசிப்பேன். வாணலியில் வைத்துக் கிளறுகிற வேலை பெரும்பாலும் மிச்சம்.

ஹாலோவீன் முடிந்ததும் செதுக்கிய பூசணியை வீணாக்க வேண்டாமே என்று குக்கீக்கு எடுக்கலாமா என்று எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். வெட்டித் திறந்து நாள் கணக்கில் வெளியில், மெழுகுவத்தி வைத்துக் கிடந்த காய் அது. புதிதாகவே எடுத்தாலும் நார் நாராக, சப்பென்று இருக்கும். முழுப் பூசணிதான் வேண்டும் என்றால் சின்னதாக ‘சுகர் பம்ப்கின்’ அல்லது ‘பை பம்ப்கின்’ என்று போட்டிருப்பதை எடுங்கள். வெந்த விழுதை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீர் இறங்கும், அதைச் சாம்பாரில் விட்டுவிடலாம்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விழுதை பாட்டிலில் அடைத்து வெளியில் வைக்கிற வேலை வேண்டாம். மசித்த பூசணியை வீட்டில் கேனிங் செய்யக் கூடாது என்று அமெரிக்க வேளாண் துறையே சொல்கிறது. விழுது கெட்டியாக இருப்பதால் நடுப்பகுதிவரை சூடு சரியாகப் போய்ச் சேராது. ஃப்ரீசர்தான் வழி. மஃபின் தட்டில் ஊற்றி உறையவைத்து, பிறகு பையில் போட்டுக்கொள்கிறேன்.

டாலஸ் பக்கம், டெக்சாஸ்

வணக்கம் அக்கா. எங்கள் வீட்டில் அப்பா வந்திருக்கிறார், பல வருடமாகச் சர்க்கரை நோய். இங்கே இலை உதிரும் காலம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அக்டோபரிலும் வெயில் அடிக்கும். ஆனாலும் பேரனோடு சேர்ந்து குக்கீ சுட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ‘சர்க்கரை இல்லாதது’ என்று சொல்லி என் மனைவி பேரீச்சம்பழ விழுதில் செய்தார். ருசி நன்றாகவே இருந்தது. அப்பாவும் ‘சர்க்கரைதான் இல்லையே’ என்று தாராளமாக எடுத்துக்கொண்டார்.

டயட்டீஷியனிடம் கேட்டபோது அவர் விளக்கினார். பேரீச்சை நூறு கிராமில் அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரைதான். நாரும் தாதுக்களும் கூட வருவது நல்லது, ஆனால் குளுக்கோமீட்டருக்கு அது சர்க்கரையாகத்தான் தெரியும். ஓட்ஸ், கோதுமை மாவு எல்லாவற்றின் மாவுச்சத்தையும் சேர்த்து எண்ணச் சொன்னார். இப்போது அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒரு குக்கீ, அதுவும் சின்னதாக. பிறகு பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை. அவருக்கு அது திருப்தியாக இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். ஓட்ஸ் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையும் என்கிறார்களே, குக்கீயிலும் அந்தப் பலன் கிடைக்குமா?

பியோரியா, இல்லினாய்

தம்பி, அப்பாவுக்கு நீங்கள் செய்திருக்கிற ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆசையையும் தடுக்கவில்லை, கணக்கையும் விடவில்லை.

ஓட்ஸ் விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்துதான் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவது. 1997-இல் எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஓட்ஸ் பாக்கெட்டில் அப்படிப் போட்டுக்கொள்ள அனுமதித்தபோது சொன்ன அளவு ஒரு நாளைக்கு 3 கிராம். அரைக் கப் ஓட்ஸில் கிட்டத்தட்ட 2 கிராம் கரையும் நார் இருக்கும். நம் குக்கீ ஒன்றில் இருப்பதோ 8 கிராம் ஓட்ஸ், அதில் அரை கிராம்கூட வராது. கொலஸ்ட்ராலுக்கு என்றால் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கட்டும். குக்கீயை மருந்தாக நினைக்க வேண்டாம். கடையில் வாங்கும் குக்கீயைவிட நல்ல பண்டம் என்று நினைத்தால் போதும்.

ஸ்கார்பரோ, கனடா

எங்களுக்கு நன்றி நவிலல் நாள் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை என்றபடியால், பூசணிப் பலகாரமெல்லாம் உங்களைவிட ஒரு மாதம் முந்தியே தொடங்கிவிடும். அக்கா சொன்ன மாதிரிப் பூசணியை வற்றவைத்துச் செய்து பார்த்தேன். மகள் எடுத்த எடுப்பில் கேட்டது, ‘அம்மா, இதற்குச் சீனி கூடப் போட்டீங்களா?’ உண்மையில் வழக்கத்தில் பாதிதான் போட்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது கறுவாவை, அதாவது நீங்கள் சொல்லும் பட்டையைப் பற்றி. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் கறுவாத்தூள் என்று விற்பது பெரும்பாலும் கசியா என்கிற வேறு இனப் பட்டை. காரம் தூக்கலாக இருக்கும், கூமரின் என்ற பொருளும் அதில் அதிகம். தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் ஈரலுக்கு நல்லதில்லை. எங்கள் தமிழ்க் கடைகளில் இலங்கைக் கறுவா கிடைக்கும். மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். கசியா ஒரே தடிப்பட்டை, லேசில் உடையாது. இலங்கைக் கறுவாவை வாங்கி லேசாகச் சூடாக்கி நானே இடித்துக்கொள்கிறேன். காரம் மென்மையாக இருப்பதால் அக்கா சொன்ன ஒன்றரைத் தேக்கரண்டியை இரண்டாக்கிக்கொள்ளலாம். கடைசியில் சொல்கிறேன், வாசனையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மாமி முட்டை தொடமாட்டார். மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைத் தூளை இரண்டரை மேசைக்கரண்டித் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கிறேன். நன்றாகவே பிடித்துக்கொள்கிறது, ஆனால் ஒரு நிமிடம் கூட வேக வேண்டும். பள்ளிக்குக் கொடுத்து அனுப்பும்போது வால்நட்டுக்குப் பதில் தோல் நீக்கிய பூசணி விதை. நட்ஸ் கொண்டுவரக் கூடாது என்று பிள்ளைகளின் பள்ளியில் விதி.

கொலம்பஸ், ஒஹாயோ

டப்பா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், படமும் ஒரே மாதிரி. ஒன்று வெறும் பூசணி விழுது, மற்றது ‘பை மிக்ஸ்’ அல்லது ‘பை ஃபில்லிங்’. இரண்டாவதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பி உட்பொருட்களைப் படியுங்கள், பூசணி என்ற ஒன்று மட்டும் இருந்தால் எடுங்கள்.

நவம்பர் வரைக்கும் காத்திருக்காமல் வாங்கி வைப்பது என் வழக்கம். 2009-இல் இல்லினாயில் அறுவடை நேரத்தில் விடாத மழை, வயலுக்குள் இயந்திரமே இறங்க முடியவில்லை. அந்த வருடமும் அதற்கடுத்த வருடத்தின் பெரும்பகுதியும் டப்பா பூசணிக்குத் தட்டுப்பாடு. கடை கடையாக ஏறி இறங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே வட்டாரத்தை நம்பி ஒரு நாடே பூசணிப் ‘பை’ சுடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

15 அவுன்ஸ் டப்பாவில் ஒன்றே முக்கால் கப் வரும். குக்கீக்கு ஒரு கப் போனால் மிச்சத்தை நான் அடை மாவில் கலந்துவிடுவேன், பெருங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டு. சப்பாத்தி மாவு பிசையவும் நல்லது.

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். சுட்ட அன்று ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறது, மறுநாள் நமுத்துப்போகிறதே?

பியோரியா, இல்லினாய்

எவ்வளவு சுண்டவைத்தாலும் பூசணியில் கொஞ்சம் ஈரம் நிற்கும். இரவோடு இரவாக அது உள்ளிருந்து ஓரத்துக்கு வந்துவிடும். முழுக்க ஆறவிடாமல் டப்பாவில் அடைத்தால் இன்னும் மோசம். கம்பித் தட்டில் நன்றாக ஆறவிட்டு, அடுக்குக்கு நடுவில் பேப்பர் டவல் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ். நான் இப்போதெல்லாம் மொத்தமாகச் சுடுவதில்லை. மாவைத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன், வேண்டும்போது ஆறேழு எடுத்து அப்படியே ஓவனில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். அப்புறம், ஸ்கார்பரோ தோழி சொன்ன ஆளிவிதை மாவும் ஃப்ரீசரில் தாங்குகிறதா என்று அவரே சொன்னால் எல்லாருக்கும் உதவும்.