கலைச்சொல்: வாத்து வேட்டையின் ‘டிகாய்’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாப் பக்கம் வாத்து வேட்டைக்காகச் செதுக்கி மிதக்கவிடும் டிகாயைப் பற்றிய கட்டுரைக்குச் சொல் தேவை. இப்போதைக்குப் ‘போலி வாத்து’ என்று போட்டிருக்கிறேன். உறுப்புகளுக்கும் பெயர் இருந்தால் நல்லது.

———

> போலி வாத்து

இது போதாது ஐயா. அலமாரியில் வைக்கிற மரவாத்தும் போலிதானே? டிகாய்க்கு ஒரு வேலை உண்டு: பறந்து போகும் கூட்டத்தைத் தண்ணீருக்கு இறக்க வேண்டும். அந்த வேலைக்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது. மானைப் பிடிக்க வேடர் பழக்கிக் கட்டிவைக்கும் மானுக்குப் ‘பார்வை’ என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் ‘பார்வை யாத்த பறைதாள் விளவின்’ (பார்வை மானைக் கட்டியதால் அடி தேய்ந்த விளாமரம்) என்று வருகிறது. புறநானூறு 320-இல் ‘பார்வை மடப்பிணை’. ஆகவே ‘பார்வை வாத்து’.

———

சொல் அழகு; ஆனால் இன்று படிப்பவர், பார்வைக்கு வைத்த வாத்து என்றல்லவா எடுத்துக்கொள்வார்? அதிலும் மாசசூசெட்ஸின் எல்மர் க்ரோவெல் செதுக்கியவற்றில் இரண்டு, 2007-இல் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. அவற்றை இனி யார் தண்ணீரில் விடப்போகிறார்கள்! மேலும் சங்ககாலப் பார்வை உயிருள்ளது. ‘ஈர்ப்பு வாத்து’ ஆகாதா?

———

‘ஈர்ப்பு’ என்றதும் நியூட்டன் வந்து நிற்பார். உயிருள்ளது என்பது தடையே அல்ல. அமெரிக்காவிலும் உயிர் வாத்தைக் கட்டிவைத்து வேட்டையாடினார்கள். 1935-இல்தான் அது தடையானது. உயிருக்கும் மரத்துக்கும் அங்கே ஒரே பெயர். நாமும் ‘உயிர்ப்பார்வை’, ‘மரப்பார்வை’ என்று பிரித்தால் அலமாரிக் குழப்பமும் குறையும்.

உறுப்புகளுக்கு வருவோம். தலையும் உடலும் பெரும்பாலும் தனித்தனிக் கட்டை. தலைக்கட்டையில் மர ரேகை அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அலகு முதல் இடியிலேயே ஒடியும். கழுத்தை நிமிர்த்தி வைக்காதீர்கள், வாத்துக்கு அது ஆபத்தின் அடையாளம். தலை தாழ்ந்து ஓய்வாக இருந்தால்தான் கூட்டம் நம்பி இறங்கும்.

நியூ ஜெர்சியின் பார்னகாட் பக்கம் உடலை இரண்டு சீடார் மரப் பலகையில் குடைந்து, விளிம்பை வெள்ளை ஈயப் பசையால் ஒட்டினார்கள். சுவர் அரை அங்குலம் இருக்கலாம். அதற்கும் மெலிந்தால் வெயிலில் வெடிக்கும். தடித்தால் குடைந்த பயனே இல்லை. இதற்குக் ‘குடைவுடல்’ போதும்.

அடியில் வரும் கட்டைக்குப் புதுச்சொல் வேண்டாம், படகுக்குச் சொல்லும் ‘ஏரா’வே சரி. அதில் எடைக்காகப் பொருத்தும் ஈயத்தை உடனே ஆணியடித்து இறுக்கக் கூடாது. ரப்பர் வளையத்தால் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டு, மட்டமாக நிற்கும்வரை முன்பின் நகர்த்த வேண்டும். பிறகு தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். தானே புரண்டு நிமிராவிட்டால் ஈயம் போதவில்லை.

———

வண்ணத்துக்கும் ஒன்று. கேன்வாஸ்பேக் என்னும் வாத்தில் ஆணின் முதுகில் உள்ள நெளிகோடுகளுக்குப் ‘புழுவரி’ என்பேன். கருநிற அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வெளிர்சாம்பல் பூசி, ஈரம் போவதற்குள் சீப்பை நெளித்து இழுத்தால் அடிநிறம் வரிவரியாக எழும். பூச்சு நீர்த்திருந்தால் வரி மூடிக்கொள்ளும், பாதி காய்ந்திருந்தால் சீப்பு உரித்துக்கொண்டு வரும். கணு உள்ள இடத்தில் முதலில் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடிக்காவிட்டால் பிசின் கசிந்து வண்ணத்தைக் கறையாக்கும். பளபளப்புப் பெயின்ட் கூடவே கூடாது. வெயிலில் மின்னினால் கூட்டம் வட்டமடித்துவிட்டுப் போய்விடும்.

———

நன்றி. மரப்பார்வை, குடைவுடல், ஏரா, புழுவரி நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘மரப்பார்வை (டிகாய்)’ என்று போடுவேன். நங்கூரக் கயிறு கட்ட மார்பின் கீழ் அடிக்கும் தோல்வாருக்கும் வளையத்துக்கும் பொதுவாக ஒரு பெயர் கிடைக்குமா?