தாள விளையாட்டுகள்: எந்தத் தளத்தில் தொடங்குவது, மிருதங்கப் பதிவுக்குச் சார்ட் எழுத முடியுமா?

கேட்டவர்: காலப்பிரமாணம்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவர் வைத்திருந்த பிளாஸ்டிக் கிதாரில் கிதார் ஹீரோ ஆடியதோடு, பாட்டின் தாளத்துக்கேற்பத் தட்டி ஆடும் தாள விளையாட்டுகளுடனான என் தொடர்பு முடிந்துபோயிருந்தது. அண்மையில் அந்த ஆசை மீண்டும் எழுந்ததால் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஸ்டெப்மேனியா, ஓசு, குளோன் ஹீரோ, பிஎம்எஸ், ரெமிவிக்கி என்று வரிசையாகப் பெயர்கள் வந்து விழுகின்றனவே தவிர, இவற்றில் எது விளையாட்டு, எது பாடல்களைத் தரும் தளம், எது தகவல் களஞ்சியம் என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. என்னிடம் இருப்பது ஒரு சாதாரண மடிக்கணினியும் ப்ளூடூத் ஹெட்போனும் மட்டுமே. சோதனைக்காக ஓசுவை நிறுவி ஆடியபோது, காதில் அடி விழும் கணத்தில் சரியாகத் தட்டியும் திரை என்னைத் தாமதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு விருப்பமும் உண்டு. என் தம்பி மிருதங்கம் வாசிப்பவன். ஆதி தாளத்தில் அவன் வாசித்த ஆறு நிமிடத் தனி ஆவர்த்தனப் (தாளக்கருவி மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி) பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில், அட்சரத்தை (தாளத்தின் ஓர் எண்ணிக்கையை) ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடை வருகிறது. அதற்கு நானே சார்ட் (எந்தக் கணத்தில் எதைத் தட்ட வேண்டும் என்ற குறிப்பு) எழுதி, அவனையே விசைப்பலகையில் ஆட வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மென்பொருள்கள் கண்ட நடையைத் தாங்குமா?

பதில்: அம்புப்பலகை

வணக்கம். உங்கள் பட்டியலில் உள்ள பிஎம்எஸ் ஒரு விளையாட்டின் பெயரன்று. 1998-இல் ஜப்பானில் உருவான கோப்பு வடிவத்தின் பெயர். கொனாமி நிறுவனத்தின் பீட்மேனியா விளையாட்டு முந்தைய ஆண்டுதான் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்திருந்தது. அதைப் போன்ற ஒன்றை வீட்டுக் கணினியில் ஆடுவதற்காக உருவான இந்த வடிவத்தில், ஒவ்வொரு விசைக்கும் தனி ஒலித்துண்டு கட்டப்பட்டிருக்கும். நீங்கள் பிசகினால் பாட்டே பிசகி ஒலிக்கும் என்பதுதான் இதன் சுவை. இசையமைப்பவர்களே தங்கள் சொந்த இசையை இலவசமாக வெளியிடும் மரபு இங்கு வேரூன்றியிருப்பதால், பதிப்புரிமைக் கவலை மிகக் குறைவான மூலை இதுவே என்பது என் கருத்து. 2004-இல் தொடங்கிய பிஎம்எஸ் ஆஃப் ஃபைட்டர்ஸ் போட்டியின் பக்கங்களில் பல ஆண்டுப் படைப்புகள் கிடைக்கின்றன. ஆடுவதற்குப் பீட்டோராஜா என்ற திறமூல மென்பொருள் போதும். ஆனால் பெரும்பாலான விளக்கங்கள் ஜப்பானிய மொழியில் இருப்பதால் முதல் வாரம் தடுமாற்றமாகவே இருக்கும்.

ஸ்டெப்மேனியாவின் கதை வேறு. கொனாமி 1998-இல் கூடங்களில் இறக்கிய, திரையில் வரும் அம்புகளுக்கேற்பக் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனின் வழியில் ஆர்வலர்கள் எழுதிய திறமூல மென்பொருள் அது. 2004-இல் வெளிவந்த இன் தி குரூவ் என்ற கூடப்பொறியே அதன் மேல் கட்டப்பட்டதுதான் என்றால் அதன் தரத்தை நீங்கள் ஊகிக்கலாம். இன்று புதிதாக நிறுவுபவர்கள் அதன் கிளையான ஐடிஜிமேனியாவை எடுப்பது நல்லது. கால் வைக்கும் பலகை இல்லாமல் விசைப்பலகையிலேயே தீவிரமாக ஆடுபவர்களுக்கு எட்டர்னா என்ற மற்றொரு கிளை உள்ளது. இவற்றுக்கான ஸ்டெப் கோப்புகளை, அதாவது சார்ட்டுகளை, ஜீனியஸ்-ஐ-வானிஷர் தளத்தில் தேடலாம். எந்த ஊரில் எந்தப் பொறி இருக்கிறது என்ற கூடங்களின் பட்டியலையும் அதே தளம் பராமரிக்கிறது. ரெமிவிக்கியில் ஆடுவதற்கு எதுவும் கிடையாது. கொனாமியின் இசை விளையாட்டுகளில் எந்தப் பாடல் எந்தப் பதிப்பில், எந்தக் கடின அளவில் வந்தது என்று பார்த்துக்கொள்ள உதவும் களஞ்சியம் அது.

ஓசுவில் விளையாட்டு, பாடல், தரவரிசை, கலந்துரையாடல் எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 2005-இல் வந்த ஒரு ஜப்பானிய விளையாட்டின் தாக்கத்தில் டீன் ஹெர்பர்ட் என்பவர் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. வட்டங்களைச் சொடுக்குவது மட்டுமன்றி, ஜப்பானியத் தாய்கோ மேளம் போன்ற முறையும், அம்புகளுக்கு நிகரான மேனியா முறையும் இதில் உண்டு. பிறர் எழுதிய சார்ட்டுகள் மற்ற உறுப்பினர்களின் பரிசீலனைக்குப் பிறகே தரவரிசை தகுதி பெறுகின்றன என்பதால், தொடக்கக்காரருக்குக் குப்பையைக் கிளறும் வேலை குறைவு. உங்களுக்கு ஏற்ற முதல் இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

பழைய கிதார் நினைவு விடவில்லை என்றால் குளோன் ஹீரோ இருக்கிறது. அதற்கான சார்ட்டுகளைக் கோரஸ் என்கோர் என்ற தேடுதளத்தில் காணலாம். திறமூலம்தான் வேண்டும் என்பவர்கள் யார்க் மென்பொருளை நாடுகிறார்கள். தலையில் மாட்டும் கருவி இல்லாததால் பீட் சேபர் பக்கம் நீங்கள் இப்போது போக வேண்டியதில்லை.

பதில்: ஐந்து மில்லி

முந்தைய பதிலில் விடுபட்ட ஹெட்போன் சிக்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதைச் சரிசெய்யாமல் எந்தத் தளத்துக்குப் போனாலும் பயனில்லை.

ஓசுவின் வட்ட முறையில் ஒரு தட்டுக்கு முழு மதிப்பெண் கிடைக்க எவ்வளவு இடம் உண்டு என்பதைச் சார்ட்டின் துல்லிய அளவெண் தீர்மானிக்கிறது. 80-இலிருந்து அந்த எண்ணின் ஆறு மடங்கைக் கழித்தால் மில்லிவினாடியில் விடை வரும். அளவெண் 8 என்றால் முன்னும் பின்னும் 32 மில்லிவினாடி, 10 என்றால் வெறும் 20. ஸ்டெப்மேனியாவின் இயல்பான அமைப்பில் உச்சத் தீர்ப்பான மார்வலஸ் பெற 22.5 மில்லிவினாடிக்குள் அழுத்தியிருக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன்களோ ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் காதில் சேர்ப்பதற்குள் பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்கு மேல் விழுங்கிவிடுகின்றன. காதை நம்பித் தட்டிய உங்களைத் திரை தாமதம் என்று சொன்னது அதனால்தான். உங்கள் கையில் குறையில்லை.

ஒலிக்கும் திரைக்கும் உள்ள இடைவெளியைத் திருத்தும் ஆஃப்செட் அமைப்பை நகர்த்தி இதைச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். ஓசுவின் புதிய பதிப்பு, நீங்கள் ஆடி முடித்த பாட்டின் சராசரிப் பிழையைக் கணக்கிட்டு அதற்கேற்ற ஆஃப்செட்டைத் தானே பரிந்துரைக்கவும் செய்கிறது. ஆனால் ப்ளூடூத்தின் தாமதம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததாலும், விசையை அழுத்தும்போது எழும் ஒலி எப்படியும் பிந்தியே கேட்கும் என்பதாலும், வடம் உள்ள ஒரு சாதாரண இயர்போனை வாங்கிவிடுவதே நிம்மதி. அதை மாட்டிய பிறகு ஆஃப்செட்டைத் திருத்துங்கள். ஒலிபெருக்கியில் ஆடுபவர் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் காற்றிலேயே ஒன்பது மில்லிவினாடி போய்விடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். இன் தி குரூவ் மரபில் வந்த பாடல் தொகுப்புகளும் அதே ஒன்பது மில்லிவினாடி தள்ளியே ஒத்திசைக்கப்பட்டவை என்பதால், ஒரு தொகுப்பில் சரியாக இருந்த கை இன்னொரு தொகுப்பில் தவறினால் குழம்பாதீர்கள்.

மடிக்கணினியின் விசைப்பலகை மூன்று, நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்றை விழுங்கக்கூடும். விசைகள் பதிவாவதைக் காட்டும் இணையப் பக்கம் எதையாவது திறந்து, நீங்கள் ஆடப்போகும் நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பதில்: நாற்பத்தெட்டு

கண்ட நடைக் கேள்வியைப் படித்ததும் மகிழ்ந்தேன், ஏனெனில் இதற்கான விடை கோப்பு வடிவத்துக்குக் கோப்பு வடிவம் மாறும்.

ஸ்டெப்மேனியா ஒரு அட்சரத்தை 48 சம பாகங்களாகத்தான் அறியும். நான்கு, மூன்று, ஆறு, எட்டு ஆகியவற்றால் 48 மீதமின்றி வகுபடுவதால் நான்கின் நடையான சதுஸ்ரமும் மூன்றின் நடையான திஸ்ரமும் துல்லியமாக உட்காரும். ஐந்தால் வகுத்தால் 9.6 வரும். கோப்பை உரைத்திருத்தியில் திறந்து, நான்கு அட்சரம் கொண்ட ஓர் அளவைக்கு 20 வரிகள் எழுதினாலும், மென்பொருள் அதை வாசிக்கும்போது ஒவ்வொரு அடியையும் பக்கத்தில் உள்ள பாகத்துக்கு நகர்த்திவிடும். ஆக 0, 10, 19, 29, 38 என்ற இடங்களில் அடிகள் அமையும். நிமிடத்துக்கு 75 அட்சர வேகத்தில் ஒரு பாகம் 16.7 மில்லிவினாடி என்பதால், அதிகபட்சப் பிழை 0.4 பாகம், அதாவது ஏழு மில்லிவினாடிக்குள் அடங்கும். அட்சரத்தை ஏழாகப் பிரிக்கும் மிஸ்ர நடையிலும் ஏறத்தாழ அவ்வளவே. காதுக்குத் தெரியாது, ஆனால் 22.5 மில்லிவினாடியில் ஆடுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் பறிபோகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பிழையும் ஆகாது என்றால், கண்ட நடை தொடங்கும் இடத்தில் வேகத்தை 75-இலிருந்து 93.75 ஆக மாற்றிவிடலாம். அப்போது கண்டத்தின் ஒவ்வொரு எழுத்தும் சதுஸ்ரக் கால்பாகத்தில் சரியாக, 160 மில்லிவினாடிக்கு ஒன்றாக விழும். ஆதி தாளத்தின் ஒரு சுற்றான எட்டு அட்சர ஆவர்த்தனம் கோப்பில் பத்தாகக் காட்டும்; அளவைக் கோடுகள் தாளத்தோடு பொருந்தாமல் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறைதான் சேர்ந்து வரும். அம்புகளும் அந்த இடத்தில் வேகமெடுத்து ஓடும். தாளம் போட்டுக்கொண்டே ஆடும் ஒருவருக்கு இது எரிச்சலூட்டும் என்பதால் எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை.

பிஎம்எஸ் வடிவத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஓர் அளவையின் வரியில் எத்தனை அடிகளை எழுதுகிறீர்களோ அத்தனையாக அது தன்னைச் சமமாக வகுத்துக்கொள்ளும். 20 எழுதினால் கண்டம், 28 எழுதினால் மிஸ்ரம். ஓசு தன் கோப்பில் அடிகளை மில்லிவினாடியாகவே எழுதிவைப்பதால் அங்கும் பிழை அரை மில்லிவினாடியைத் தாண்டாது. புதிய பதிப்பின் திருத்தியில் அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்கும் எண்ணை நீங்களே கொடுத்துக்கொள்ளலாம். குளோன் ஹீரோவுக்கு மிடி (இசைக் குறிப்புகளைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக, அட்சரத்துக்கு 480 பாகம் என்ற வழக்கமான அளவில் எழுதினால், 480 ஐந்தால் வகுபடும், ஏழால் வகுபடாது.

உங்கள் தேவைக்கு ஓசுவின் தாய்கோ முறையைப் பரிந்துரைக்கிறேன். அங்கே நடு அடி, விளிம்பு அடி என்று இரண்டு வகைதான் உண்டு. இடந்தலையின் தொம்மை நடு அடியாகவும், வலந்தலையின் நம், சாபு ஆகியவற்றை விளிம்பு அடியாகவும் எழுதினால், நான்கு அம்புகளுக்குள் சொற்கட்டுகளைத் திணிப்பதைவிட இயல்பாக இருக்கும்.

மறுமொழி: காலப்பிரமாணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வட இயர்போன் மாட்டியதும் தாமதம் என்ற சொல் திரையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. தாய்கோ யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது: தம்பி எந்தக் கருவியின் தாள ஒலியையும் கேட்டு வாசிக்கவில்லை. தனி ஆவர்த்தனத்தின் முடிவை நெருங்கும் மோஹ்ராவுக்கு வரும்போது காலப்பிரமாணம் சற்று ஏறியிருப்பது எனக்கே கேட்கிறது. ஒரே வேகத்தை வைத்து எப்படி எழுதுவது?

பதில்: நாற்பத்தெட்டு

ஒரே வேகத்தை வைக்காதீர்கள். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தியில் திறந்து, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் (சுற்றின் தொடக்கத்திலும்) ஒரு குறியிடுங்கள். இரு குறிகளுக்கு இடையே உள்ள வினாடிகளால் 480-ஐ (8 அட்சரம் × 60 வினாடி) வகுத்தால் அந்த ஆவர்த்தனத்தின் வேகம் கிடைக்கும், 6.4 வினாடி என்றால் 75, 6.2 வினாடி என்றால் 77.42. ஓசுவில் சமத்துக்குச் சமம் புதிய நேரப்புள்ளி ஒன்று வைத்து இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், ஒரு ஆவர்த்தனத்தின் பிழை அடுத்ததற்குக் கடத்தப்படாது. ஆறு நிமிடத்துக்கு ஏறக்குறைய 56 புள்ளிகள் வரும். ஒரு மாலைப்பொழுது போதும். ஏரோவோர்டெக்ஸ் போன்ற திருத்திகள் வேகத்தைத் தாமே கண்டுபிடித்துச் சொல்லும் வசதி உடையவை என்றாலும், இப்படி அசையும் காலத்தில் அவற்றின் கணிப்பை நம்பாமல் கையால் வைப்பதே மேல்.

பதில்: அம்புப்பலகை

குறியிடும் வேலையைத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள். அரைத் தாளம் தள்ளி எடுப்பு (தொடங்கும் இடம்) இருக்கும் கோர்வைகளில் (முடிப்புக் கோவைகளில்) சமம் எங்கே என்று அலைவடிவத்தைப் பார்த்து நீங்கள் தேடுவதைவிட, வாசித்தவர் கையால் போட்டுக் காட்டுவது விரைவாக முடியும். முதல் நான்கு ஆவர்த்தனங்களை எழுதியதும் இங்கே இணையுங்கள். ஆடிப் பார்த்து ஆஃப்செட்டைச் சொல்கிறோம்.