சபையில் மௌனம் காப்பது சமாதானமா, அச்சமா?

கேள்வி (ஏற்காடு):
எங்கள் சபை மூப்பர் ஒருவருடைய காப்பித் தோட்டத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். பழம் பறிக்கும் பெண்கள் சுமந்து வரும் ஒவ்வொரு சாக்கிலும், ஈரம் என்று சொல்லி எடையைக் கூடுதலாகக் கழித்து எழுதச் சொல்கிறார். தட்டிக்கேட்டால் வேலையும் போகும், சபையில் மதிப்பும் போகும் என்ற நிலையில், பிள்ளைகளுக்காக வாய்மூடி இருப்பது பாவமாகுமா?

பதில் (சேலம்):
சகோதரரே, அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகியதையும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததையும் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். பேதுரு விசுவாசத்தை மறுதலிக்கவில்லை; சிலருடைய மனம் கோணாதிருக்கப் பந்தியைவிட்டு விலகினார், அவ்வளவுதான். அதற்கே பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் இழுப்புண்டு, அவரைப்போல விலகினார். உங்கள் பேரேட்டையும் பிறர் பார்க்கிறார்கள்.

பதில் (ஆத்தூர்):
மேலே எழுதியவர் சொல்வது சரி. ஆனால் சுமை முழுவதையும் இவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. 1941-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், மனைவி மக்களை நினைத்துக் கதறிய கைதிக்குப் பதிலாகச் சாக முன்வந்த மாக்சிமிலியன் கோல்பே, குடும்பமில்லாத துறவி. இழப்பதற்குக் குறைவாக உள்ளவர்கள் முன்னே நிற்கட்டும். உங்கள் போதகரையும் உடன் அழையுங்கள்.

பதில் (ஏற்காடு):
நன்றி ஐயா. மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் மூப்பரிடம் தனியாகப் பேசுகிறேன். செவிகொடுக்காவிட்டால் போதகரோடு போவேன். அதுவரை தராசு காட்டும் எடையைத்தான் எழுதுவேன்.