கீழ் வீட்டு அக்கா பகலில் தூங்க வேண்டும், எங்கள் வீட்டுச் சத்தத்தை எப்படிக் குறைப்பது?

மாடிவீடு:
கே.கே.நகரில் ஒரு அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நேர் கீழே இருக்கும் அக்கா நர்ஸ். நைட் டூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தால் மத்தியானம் வரைக்கும்தான் அவருக்குத் தூக்கமே. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் அம்மா கிரைண்டர் போடுவார், லீவில் இருக்கும் பையன் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரிவான். அக்கா சண்டைக்கெல்லாம் வரவில்லை. படியில் பார்த்தபோது "கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி" என்று மட்டும் சொன்னார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாடகை வீட்டில் தரையில் சுவரில் கை வைக்க முடியாது. முட்டை அட்டை ஒட்டினால் பலன் இருக்குமா?

ஆரப்பாளையம் மெக்கானிக்:
முட்டை அட்டை வேண்டாம் தம்பி. அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கீழே போவது கான்கிரீட் வழியாக இறங்குகிற அதிர்வு. கிரைண்டர் ஓடும்போது பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கிர்ரென்று கையில் ஏறினால் கீழ் வீட்டுக்கும் அதுதான் போகிறது. சுவரை ஒட்டாமல் நாலு விரக்கடை தள்ளி, கெட்டி ரப்பர் போட்டு, அதன்மேல் ஒரு கடப்பா கல் துண்டு, அதற்கு மேல் கிரைண்டரை வையுங்கள். கல்லின் கனத்தில் ஆட்டம் குறையும், மிச்சத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும். மெல்லிசான மிதியடி அமுங்கிப்போகும், உதவாது. வாஷிங் மெஷினிலும் நாலு காலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

நைட்டூட்டி:
நான் பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறவள், அதனால் சொல்கிறேன். ஒரே சீராக ஓடுகிற சத்தத்தில்கூட ஃபேனை வேகமாக வைத்துத் தூங்கிவிடலாம். தூக்கிவாரிப் போடுவது திடீர்ச் சத்தம்தான். நாற்காலி இழுப்பது, எவர்சில்வர் தட்டு விழுவது, காற்றில் கதவு டமாரென்று அறைவது, இதெல்லாம் நேராக நெஞ்சில் அடிக்கும், அப்புறம் தூக்கம் வராது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள், கழன்று விழுந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள். கதவுச் சட்டத்தில் ஃபோம் டேப் ஒட்டலாம், வாடகை வீட்டிலும் உரித்துவிடலாம். இஞ்சி பூண்டு இடிக்கிற கல்லுக்கு அடியில் சாக்கை நாலாக மடித்துப் போடச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த அக்காவிடம் எந்த வாரம் நைட் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது இப்படிக் கேட்டாலே எங்களுக்குப் பாதி அலுப்பு போய்விடும்.

திருநகர்வாசி:
2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று இருக்கிறது, இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. பகலில் தூங்குகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மாவாட்டுவதைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தள்ளிவிடுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ராத்திரி படுப்பதற்குள் மாவு பொங்கிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் இட்லி ஊற்றலாம்.

மாடிவீடு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் பேசிவிட்டேன், சாயங்காலமே ஆட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். சட்னிக்குக் காலையில் மிக்சி போட்டுத்தான் ஆக வேண்டும், அதற்கும் அதே ரப்பர் போதுமா?

ஆரப்பாளையம் மெக்கானிக்:
போதும் தம்பி. முதலில் மிக்சியைக் கவிழ்த்து அடியில் இருக்கிற ரப்பர் கால்களைப் பாருங்கள். தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் அதை மாற்றுங்கள், ரிப்பேர் கடையில் கிடைக்கும்.