நுவரெலியாவில் கடலை அவிக்க எத்தனை நிமிடம்?

நுவரெலியா, கந்தப்பளை பக்கம் குக்கரில் கடலை அவிக்கிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ஒரு கப் கடலை, இரவு முழுக்க ஊறியது, மூன்று கப் தண்ணீர், முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 20 நிமிடம். தோல் கழன்றாலும் நடுவில் கடுக்கென்றுதான் இருக்கிறது. கேஸ்கட் புதிது, மூடி ஓரத்தில் ஆவி போகவில்லை. உப்பும் புளியும் வெந்த பிறகுதான்.

இந்த உயரத்தில் (ஏறக்குறைய 1,868 மீட்டர்) திறந்த சட்டியில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். குக்கர் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் அதே அழுத்தத்தைத்தான் கூட்டும். அதனால் உள்ளே சூடும் கொழும்பை விடக் குறைவு. 20 வீதம் நேரம் கூட்டினால் 24 நிமிடம். அது போதுமா? இல்லை, கடலையே பழசா? பழசென்றால் லேசில் வேகாது.

அப்பச்சோடா வேண்டாம், ருசி கெட்டுவிடும். விசில் கணக்கும் வேண்டாம், குக்கருக்குக் குக்கர் மாறும். நிமிடமாகவே சொல்லுங்கள்.